தொலைநோக்கியில் சூரியனைப் பார்க்கும் முன்: ஆபத்தான ஃபில்டர்களை ஒதுக்கவும் சரியானதைப் பொருத்தவும் ஒரு முழுமையான வழிகாட்டி

யாராவது உங்களுக்குப் பழைய சிறிய தொலைநோக்கி ஒன்றைக் கொடுத்தால், முதல் வேலையாகப் பெட்டியின் மூலையில் ஒரு பொருளைத் தேடிப் பாருங்கள். விரல் நுனி அளவுதான் இருக்கும். கறுப்பு உலோக வளையம், அதற்குள் கரும்பச்சை நிறத்திலோ ஏறக்குறையக் கறுப்பாகவோ ஒரு கண்ணாடி வில்லை, வளையத்தின் ஓரத்தில் நுண்ணிய மரை, பக்கவாட்டில் 'சன்' என்று ஆங்கிலத்தில் ஒரு பொறிப்பு. ஐபீஸின் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ் குழல்) அடியில் திருகிக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். பல பத்தாண்டுகளாகச் சிறிய தொலைநோக்கிகளோடு சேர்த்தே விற்கப்பட்ட துணைப்பொருள் இது. அமெச்சூர் வானியலில் கையாளும் பொருள்களில் இதைவிட ஆபத்தான ஒன்று எனக்குத் தெரிந்து இல்லை.

கண்டால் எடுத்து வைக்காதீர்கள், பத்திரப்படுத்தாதீர்கள், இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். பெட்டியிலேயே விட்டுவைத்தால், அடுத்து அதைத் திறப்பவர் பெரும்பாலும் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருப்பார்; 'சூரியனைப் பார்க்க' என்று பெயர் போட்ட பொருளை அவர்கள் ஏன் சந்தேகப்படப் போகிறார்கள்?

ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்பது புரிய, குழாய்க்குள் நடப்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

குழாய்க்குள் நடப்பது

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மீது சுமார் 1000 வாட் ஆற்றல் விழுகிறது. 60 மி.மீ. லென்ஸ் அதிலிருந்து ஏறக்குறைய 3 வாட்டை எடுத்துக்கொள்ளும். 100 மி.மீ. லென்ஸ் 8 வாட்டுக்குச் சற்றுக் குறைவாகவும், 200 மி.மீ. கண்ணாடி 30 வாட்டுக்கு மேலும் சேகரிக்கும். இத்தனையும் குவியத்தில் ஒரு சிறு வட்டமாகச் சுருங்குகிறது. அந்த வட்டத்தின் விட்டம் குவியத்தூரத்தில் ஏறக்குறைய 108-இல் ஒரு பங்கு. அதாவது 700 மி.மீ. குவியத்தூரம் உள்ள 60 மி.மீ. தொலைநோக்கியில் சூரியனின் பிம்பம் 6.5 மி.மீ. வட்டம். லென்ஸின் மீது விழுந்த வெயில் அங்கே 85 மடங்கு செறிவாக விழுகிறது. குவியத்தூரம் லென்ஸின் விட்டத்தைப்போல 5 மடங்கு மட்டுமே உள்ள குட்டையான குழாய்களில் இந்தச் செறிவு 400 மடங்கைத் தாண்டும்.

அந்தச் சின்னக் கறுப்பு வில்லை உட்கார்ந்திருப்பது இந்தக் குவியத்தின் அருகில்தான். கறுப்பாக இருப்பதால் ஒளியை உறிஞ்சுகிறது, உறிஞ்சியது வெப்பமாகிறது. வில்லையின் நடுப்பகுதி கொதிக்க, உலோக வளையத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஓரம் அவ்வளவு சூடாவதில்லை. நடுவில் விரியும் கண்ணாடியை ஓரம் விரியவிடாமல் பிடித்துக்கொள்ளும்போது அது விரிசல் விடும். முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. விரிசல் விடும் அந்தக் கணத்தில் உங்கள் கண் ஐபீஸில்தான் ஒட்டியிருக்கும். நேற்று உடையவில்லை, போன மாதம் உடையவில்லை என்பதெல்லாம் இன்று உடையாது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் கண்ணாடிக்குள் நுண்ணிய பிளவுகள் வளரலாம்.

இனி கண்ணின் பக்கம். பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி சுமார் 2 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். 70 மி.மீ. தொலைநோக்கியில் 35 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தால், லென்ஸ் சேர்த்த ஒளி முழுவதும் 2 மி.மீ. கற்றையாக வெளியே வந்து அப்படியே கண்ணுக்குள் போகும். வெறுங்கண்ணோடு ஒப்பிட்டால் உள்ளே நுழையும் ஆற்றல் 1225 மடங்கு. பிம்பமும் அதே அளவு விரிவதால் விழித்திரையின் ஒரு புள்ளியில் விழும் செறிவு கூடுவதில்லையே என்று இயற்பியல் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கேள்வி சரிதான், ஆனால் ஆறுதல் இல்லை. வெறுங்கண்ணில் சூரியனின் பிம்பம் சுமார் 0.16 மி.மீ. அகலம், அந்தப் புள்ளியில் சேரும் வெப்பத்தைச் சுற்றியுள்ள திசுவும் அதன் இரத்த ஓட்டமும் ஓரளவு இழுத்துக்கொண்டு போகும். தொலைநோக்கியில் அது பல மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரவுகிறது. நடுவில் சேரும் வெப்பம் பக்கவாட்டில் போக வழியில்லை. இமை மூடுவதற்குள் திசு வெந்துவிடும்.

விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் கிடையாது. தீயைத் தொட்டால் கை தானாகப் பின்வாங்குவதுபோல இங்கே எதுவும் நடக்காது. நீல ஒளி திசுக்களில் உண்டாக்கும் வேதிச் சிதைவு பல மணி நேரம் கழித்துத்தான் பார்வையில் தெரியவரும். காலையில் சூரியனைப் பார்த்தவர் 'ஒன்றும் ஆகவில்லை' என்று மாலைவரை நம்பிக்கொண்டிருக்கலாம்.

கறுப்பாகத் தெரிந்தால் போதாது

1800-ஆம் ஆண்டில் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் தன் தொலைநோக்கிகளில் சூரியனைப் பார்க்கப் பல நிறக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். சிலவற்றில் வெளிச்சம் மிகக் குறைவாக இருந்தும் கண்ணில் சூடு உறைத்தது. வேறு சிலவற்றில் வெளிச்சம் தாராளமாக வந்தும் சூடு தெரியவில்லை. இந்த முரண்பாடு அவரை விடவில்லை. முப்பட்டகத்தால் ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்பு முடிந்த பிறகும், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில், வெப்பம் ஏறியது. அகச்சிவப்பு ஒளி கண்டுபிடிக்கப்பட்ட கதை இதுதான். ஒரு சூரிய ஃபில்டர் சரியாக வேலை செய்யாததில் தொடங்கிய கதை!

வீட்டில் கிடைப்பதை வைத்துச் செய்யும் ஃபில்டர்களில் பெரும்பாலானவை தவறுவது இதே இடத்தில்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைத்துவிட்டு, சுமார் 780 முதல் 1400 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பைத் தாராளமாக உள்ளே விடுகின்றன. அந்த அலைநீளங்கள் கண்ணின் லென்ஸைத் தாண்டி விழித்திரை வரை போகக்கூடியவை. வெளிச்சம் குறைவாகத் தெரிவதால் கண்மணி விரிந்துகொள்ளும், கூசாததால் நீங்களும் நிதானமாக, நெடுநேரம் பார்ப்பீர்கள். ஃபில்டரே இல்லாவிட்டால் கூச்சத்திலாவது முகத்தைத் திருப்பியிருப்பீர்கள்.

கீழே உள்ளவற்றில் எதையும் தொலைநோக்கியின் எந்த முனையிலும் வைக்காதீர்கள்:

- எக்ஸ்ரே ஃபிலிம், பழைய நெகட்டிவ், கலர் ஃபிலிம். கலர் ஃபிலிமின் சாயங்கள் அகச்சிவப்பைத் தடுப்பதில்லை. எக்ஸ்ரேயில் கருமை இடத்துக்கு இடம் மாறும்.
- சிடி, ஃப்ளாப்பி டிஸ்க்கின் உட்தகடு, தின்பண்டப் பொட்டலங்களின் வெள்ளி உறை, பளபளக்கும் பலூன் தாள், அவசரகாலப் போர்வை. இவற்றின் பூச்சு ஒளியை இவ்வளவுதான் விட வேண்டும் என்று யாரும் அளந்து பூசியதல்ல.
- புகை பிடித்த கண்ணாடி, எத்தனை அடுக்கானாலும் கூலிங் கிளாஸ்.
- குறுக்காக வைத்த இரண்டு போலரைசர்கள் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்கள்). கண்ணுக்கு முழு இருட்டாகத் தெரியும். அகச்சிவப்பில் ஏறக்குறையத் திறந்த ஜன்னல்.
- கேமராவின் என்டி ஃபில்டர்கள் (எல்லா நிற ஒளியையும் ஒரே அளவில் குறைப்பவை). பெயர்பெற்ற 'என்டி 1000' ஒளியை 1000-இல் ஒரு பங்காக்கும். சூரியனைக் கண்ணால் பார்க்க வேண்டிய அளவு 1,00,000-இல் ஒரு பங்கு. அதைவிட நூறு மடங்கு அதிக ஒளி உள்ளே வரும். அகச்சிவப்புக் கசிவு தனி.
- நிலா ஃபில்டர். இதுவும் ஐபீஸில் திருகுவதுதான், பார்வைக்குச் 'சன்' ஃபில்டரின் தம்பிபோல இருக்கும். முழுநிலவைவிடச் சூரியன் சுமார் 4 லட்சம் மடங்கு பிரகாசமானது என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

கிரகணக் கண்ணாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல கண்ணாடியே இங்கே ஆபத்தாகிறது. ஐஎஸ்ஓ 12312-2 என்ற தரநிர்ணயம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதிகபட்சம் 0.0032 சதவீதத்தை மட்டுமே அனுமதிக்கிறது. வெறுங்கண்ணுக்கு அது அருமையான பாதுகாப்பு. அதை மாட்டிக்கொண்டு தொலைநோக்கிக்குள் பார்த்தால், ஐபீஸிலிருந்து வரும் செறிந்த கற்றை அந்த மெல்லிய படலத்தை நொடிகளில் பொசுக்கி ஓட்டை போட்டுவிடும். இந்தத் தரநிர்ணயம் உருப்பெருக்கும் கருவிகளோடு பயன்படுத்துவதற்கானதே அல்ல. வெல்டிங் கண்ணாடிக்கும் இதே பதில்.

இன்னொன்றும் பலரை ஏமாற்றுகிறது. சில தொலைநோக்கிகளின் முன்மூடியில் ஒரு சிறிய துணைமூடி இருக்கும். பெரிய மூடியைக் கழற்றாமல் அதை மட்டும் திறந்தால் ஒளி குறையும், நிலவைப் பார்க்க வசதி. அதைச் சூரியனைப் பார்ப்பதற்கான ஏற்பாடு என்று நினைத்துவிடுகிறார்கள். ஃபில்டர் இல்லாத அந்தத் துளை கண்ணைக் கெடுக்கத் தாராளமாகப் போதும். அடிவானத்தில் சிவந்து கிடக்கும் சூரியனும் அப்படித்தான்: நீலமும் பச்சையும் சிதறிப் போய்விட்டாலும் அகச்சிவப்பு வந்துகொண்டேதான் இருக்கிறது.

சரியான ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பது

விதி ஒன்றே: ஒளி குழாய்க்குள் நுழைவதற்கு முன்பே குறைய வேண்டும். ஃபில்டர் தொலைநோக்கியின் முன்வாயை முழுவதுமாக மூடியிருக்க வேண்டும். அப்போது அதன் மீது விழுவது செறிவூட்டப்படாத, சாதாரண வெயில் மட்டுமே. குழாய்க்குள் போவதே 1,00,000-இல் ஒரு பங்கு என்பதால் உள்ளே எதுவும் சூடாகாது, உடையாது, உருகாது. இந்த அளவை 'ஒளியடர்த்தி 5' என்பார்கள். பொதியில் 'ஓடி 5' அல்லது 'என்டி 5' என்று அச்சிட்டிருக்கும்.

மூன்று வகைகள் புழக்கத்தில் உண்டு. உலோகப் பூச்சுள்ள கண்ணாடி நீடித்து உழைக்கும், சூரியனை மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ காட்டும். பிம்பத்தின் கூர்மை கண்ணாடியின் தரத்தைப் பொறுத்தது. கறுப்பு பாலிமர் தாள் மலிவு, இதுவும் ஆரஞ்சு நிறம். இரண்டு பக்கமும் உலோகம் பூசிய மெல்லிய ஃபிலிம் மூன்றாவது. ஜெர்மனியின் பாடர் நிறுவனத்தின் அஸ்ட்ரோசோலார் ஃபிலிம் இதில் பரவலாகத் தெரிந்த பெயர். சூரியன் வெண்மையாக, கரும்புள்ளிகளின் ஓரங்கள் தெளிவாகத் தெரியும். கசங்கிய தாளைப்போல இருந்தாலும் பிம்பம் கெடாது என்பதைப் புதியவர்கள் நம்பவே மாட்டார்கள். என் விருப்பம் இதுதான்.

வாங்கும்போது ஒரு எண்ணைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். இதே ஃபிலிம் 'ஒளியடர்த்தி 3.8' என்றும் விற்கப்படுகிறது. அது படம் எடுப்பதற்கு மட்டுமே. 5-ஐவிட ஏறக்குறைய 16 மடங்கு அதிக ஒளியை விடும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் ஃபிலிமைப் பிடித்திருக்கும் சட்டத்தின் மீதே நிரந்தர மையால் எழுதி வைப்பது நல்லது. எண் எதுவும் இல்லாமல், தயாரிப்பாளர் பெயர் இல்லாமல், 'சூரிய ஃபில்டர்' என்று மட்டும் போட்டு விற்கும் தாளை வாங்காதீர்கள். 2017 ஆகஸ்ட் 21 முழு கிரகணத்துக்கு முன்பு, தரச்சான்று முத்திரையைப் போலியாக அச்சிட்ட கண்ணாடிகள் அமெரிக்கச் சந்தையில் புகுந்தன. ஆன்லைன் விற்பனை நிறுவனமான அமேசான், பாதுகாப்பை உறுதிசெய்ய முடியாதவற்றை வாங்கியவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. முத்திரையை யாரும் அச்சடித்துவிடலாம். பொறுப்பேற்கும் தயாரிப்பாளரிடமிருந்தோ அவருடைய அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமிருந்தோ வாங்குவதே வழி.

ஃபிலிமுக்குச் சட்டம் செய்வது

தாளாக வாங்கினால் சட்டத்தை நீங்களே செய்துகொள்ளலாம். அவசரப்படாமல் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள்.

1. குழாயின் முன்பகுதியில் கெட்டியான அட்டைப் பட்டையைச் சுற்றி ஒரு வளையம் செய்யுங்கள். குறைந்தது ஐந்தாறு செ.மீ. நீளத்துக்குக் குழாயை அணைத்துப் பிடிக்க வேண்டும். இழுத்தால் எதிர்ப்பு தெரிய வேண்டும், ஆனால் குழாயை ஆட்டாமல் மாட்ட முடிய வேண்டும். வளையம் தளர்வாக இருந்தால் உட்புறம் ஃபெல்ட் துணி ஒட்டுங்கள்.

2. அதன் வாயளவுக்குப் பொருந்தும் இரண்டு தட்டையான அட்டை வட்டங்களை வெட்டி, நடுவில் லென்ஸின் அளவுக்குத் துளையிடுங்கள்.

3. சுத்தமான மேசையில் மென்தாளை விரித்து, அதன் மீது ஃபிலிமை வையுங்கள். ஓரங்களை மட்டுமே தொடுங்கள்.

4. ஒரு வட்டத்தில் இருபக்க டேப்பை ஒட்டி, ஃபிலிமின் மீது மெதுவாக இறக்குங்கள். ஃபிலிமை இழுத்து விறைப்பாக்காதீர்கள். கை தானாக இழுக்கப் பார்க்கும். இழுத்தால் பூச்சில் நுண்ணிய கீறல் விழும், பிம்பமும் கெடும். லேசான சுருக்கங்கள் இருக்கட்டும்.

5. இரண்டாவது வட்டத்தை மேலே ஒட்டி, இரண்டையும் சேர்த்து வளையத்தோடு இணையுங்கள். மூட்டுகளை உள்ளேயும் வெளியேயும் கறுப்பு டேப்பால் மூடுங்கள்.

6. சட்டத்தின் வழியே வீட்டு விளக்கைப் பாருங்கள். நடுவிலோ ஓரத்திலோ மூட்டிலோ ஓர் ஒளிக்கீற்றுகூடக் கசியக் கூடாது.

தொலைநோக்கி பெரியதாக இருந்தால் முழு வாயையும் ஃபிலிமால் மூட வேண்டிய அவசியமில்லை. கெட்டியான அட்டையில் ஓரமாக ஒரு சிறிய துளையிட்டு அங்கே மட்டும் ஃபிலிமைப் பொருத்தினாலும் போதும். பகலில் காற்று கொதித்துக்கொண்டிருப்பதால் பெரிய விட்டத்தின் கூர்மை பெரும்பாலும் வீணாகத்தான் போகும்.

ஒவ்வொரு முறையும்: பரிசோதனையும் பொருத்துதலும்

ஃபில்டர் புதியதா பழையதா என்பது முக்கியமல்ல. வெளியே கொண்டுபோகும் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் பிரகாசமான விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். விளக்கைச் சுற்றி இருட்டாக இருக்க, ஃபில்டரில் எங்காவது நட்சத்திரம்போல ஒரு புள்ளி மின்னினால் அங்கே பூச்சு போயிருக்கிறது. ஊசிமுனை அளவுள்ள ஒன்றிரண்டு புள்ளிகள் என்றால் கறுப்புப் பெயிண்டால் தொட்டு மூடலாம். நீளமான கீறல், மடிப்பில் உதிர்ந்த பூச்சு, ஓரத்தில் கிழிசல், புள்ளிகளின் கூட்டம் என்றால் அந்த ஃபில்டரின் காலம் முடிந்தது. யோசிக்க எதுவும் இல்லை.

தொலைநோக்கி சூரியனுக்கு வேறு பக்கம் பார்த்திருக்கும்போதே ஃபில்டரைப் பொருத்துங்கள். பொருத்திய பிறகு சட்டத்தைக் குழாயோடு சேர்த்து இரண்டு மூன்று இடங்களில் டேப் ஒட்டுங்கள். எவ்வளவு இறுக்கமான சட்டமாக இருந்தாலும் ஒட்டுங்கள். நல்ல ஃபில்டரிலும் நடக்கக்கூடிய விபத்து இதுதான்: ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பலமான காற்று அடித்தோ, ஆர்வமுள்ள ஒரு குழந்தை 'இது என்ன?' என்று இழுத்துப் பார்த்தோ ஃபில்டர் கழன்று விழுவது.

ஃபைண்டரை, அதாவது குறிபார்க்கப் பெரிய குழாயின் பக்கத்தில் பொருத்தியிருக்கும் சிறு குழாயை, மறந்துவிடாதீர்கள். அதுவும் ஒரு தொலைநோக்கிதான், அதற்கு ஃபில்டர் இல்லை. பெரிய குழாய்க்கு அருமையான ஃபில்டர் போட்டுவிட்டு, குறிபார்க்கும் பழக்கத்தில் ஃபைண்டருக்குக் கண்ணைக் கொண்டுபோவது ஒரு நொடி வேலை. யாரும் பார்க்காவிட்டாலும் அதிலிருந்து வெளிவரும் கற்றை சட்டையையோ கன்னத்தையோ சுடும், உள்ளே இருக்கும் குறுக்குக் கம்பிகளை எரிக்கும். கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். கழற்ற முடியாத அமைப்பென்றால் இரு முனைகளையும் மூடி டேப் ஒட்டுங்கள். உருப்பெருக்கம் இல்லாத சிவப்புப் புள்ளி ஃபைண்டர் வழியாகச் சூரியனைக் குறிபார்ப்பது வெறுங்கண்ணால் பார்ப்பதேதான்.

ஃபைண்டர் இல்லாமல் எப்படிக் குறிபார்ப்பது? நிழலைப் பாருங்கள். தரையில் விழும் குழாயின் நிழல் நீளமாக இருந்தால் குழாய் சூரியனுக்குக் குறுக்காக நிற்கிறது. நிழல் சுருங்கி, குழாயின் குறுக்குவெட்டு அளவு வட்டமாகும் வரை மெதுவாகத் திருப்புங்கள். குறைந்த உருப்பெருக்கமுள்ள ஐபீஸைப் போட்டிருந்தால் சூரியன் பார்வைக்குள் வந்துவிடும்.

முதல் பார்வைக்கு முன், ஐபீஸுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டுங்கள். ஃபில்டர் சரியாக இருந்தால் தாளில் சுடும் வெளிச்சமோ கண்கூசும் வட்டமோ விழாது. பிறகு கண்ணை வையுங்கள். சூரியன் இதமான பிரகாசத்தில், முழுநிலவைப் பார்ப்பதுபோலத் தெரிய வேண்டும். பின்புலம் கறுப்பாக இருக்க வேண்டும். கூசினால், பின்புலம் வெளிறியிருந்தால், கண்ணில் சூடு தெரிந்தால் உடனே விலகுங்கள். ஆனால் கூசவில்லை என்பதையே பாதுகாப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹெர்ஷலின் கண்ணாடிகளும் கூசவில்லை.

குழுவாகப் பார்க்கும்போது தொலைநோக்கியைவிட்டு ஒரு நிமிடம்கூட நகராதீர்கள். நகர்ந்தே ஆக வேண்டுமென்றால் குழாயைத் தரைப்பக்கம் திருப்பி மூடியைப் போட்டுவிட்டுப் போங்கள். 'தொடாதீர்கள்' என்று எழுதி வைத்த அட்டை யாரையும் தடுத்ததில்லை.

பிம்பத்தைத் திரையில் விழவைக்கும் முறை

ஃபில்டரே இல்லாமல், ஐபீஸிலிருந்து வரும் ஒளியை வெள்ளை அட்டையில் விழவைத்துப் பார்ப்பது பழமையான முறை. கலிலியோவின் மாணவர் பெனடெட்டோ காஸ்டெல்லி வகுத்துக் கொடுத்த இம்முறையில்தான் 1612-இல் கலிலியோ கரும்புள்ளிகளை நாள்தோறும் வரைந்தார். பத்துப் பேர் ஒன்றாகப் பார்க்கலாம் என்பதால் பலரும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். நான் தயக்கத்தோடுதான் சொல்வேன். இங்கே குழாய்க்குள் முழு வெயிலும் பாய்கிறது, அதைத் தடுக்க எதுவுமே இல்லை. யாராவது குனிந்து ஐபீஸில் கண்ணை வைத்தால் முடிந்தது.

செய்வதென்றால் சிறிய லென்ஸ் தொலைநோக்கியில் மட்டும் செய்யுங்கள். முன்வாயை அட்டையால் 50 மி.மீ. அளவுக்குக் குறையுங்கள். பசையால் லென்ஸ்களை ஒட்டிச் செய்த விலை உயர்ந்த ஐபீஸைப் போடாதீர்கள், பசை கெடும்; ஒட்டு இல்லாத எளிய ஹைகன்ஸ் வகை ஐபீஸ் போதும். உட்பாகங்கள் பிளாஸ்டிக்காக இருந்தால் உருகும். லென்ஸும் கண்ணாடியும் சேர்ந்த ஷ்மிட்-காஸக்ரேன், மக்சுடோவ் வகைத் தொலைநோக்கிகளில் செய்யவே கூடாது. மூடிய குழாய்க்குள் இரண்டாம் கண்ணாடியும் தடுப்புக் குழாயும் சூடேறிப் பாழாகும். ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை குழாயைத் திருப்பி ஆறவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் இடத்தில் இந்த முறையே வேண்டாம்.

ஹெர்ஷல் ப்ரிஸமும் ஹைட்ரஜன் ஆல்ஃபாவும்

பின்முனையில் பொருத்துவது எல்லாமே ஆபத்து என்றால், சூரியனைப் பார்ப்பதற்காகவே ஐபீஸுக்கு முன்னால் அங்கே பொருத்தும் ஹெர்ஷல் ப்ரிஸம் மட்டும் எப்படி? அது ஒளியை உறிஞ்சித் தாங்க முயல்வதில்லை. சுமார் 5 சதவீதத்தை மட்டும் ஐபீஸுக்குப் பிரதிபலித்து, மீதியை வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் ஒரு தனிப் பகுதிக்கு அனுப்பிவிடுகிறது. அந்த 5 சதவீதமும் கண்ணுக்கு மிக மிக அதிகம். ஆகவே அதன் பின்னால் ஒளியடர்த்தி 3 உள்ள என்டி ஃபில்டர் கட்டாயம் இருக்க வேண்டும். பழைய ப்ரிஸத்தை வாங்குபவர்கள் இந்த ஃபில்டர் உள்ளே இருக்கிறதா என்று கழற்றிப் பார்க்காமல் கண்ணை வைக்கக் கூடாது. லென்ஸ் தொலைநோக்கிகளுக்கு மட்டுமே இது பொருந்தும். அவற்றிலும் குழாயின் பின்பகுதியில் கூடுதல் லென்ஸ் உள்ளவற்றுக்குத் தயாரிப்பாளரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம்.

ஹைட்ரஜன் ஆல்ஃபா (ஹைட்ரஜன் வாயு வெளியிடும் ஒரு சிவப்பு ஒளி) என்ற பெயரால் வரும் குழப்பம் இன்னும் மோசமானது. விண்வெளியின் வாயு மேகங்களான நெபுலாக்களைப் படமெடுக்க விற்கும் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஃபில்டர் 656.3 நானோமீட்டரைச் சுற்றி ஏழு நானோமீட்டர்போல அகலமுள்ளது. சூரியனின் தழல்களைக் காட்டும் கருவியின் அகலம் 0.1 நானோமீட்டருக்கும் குறைவு, அதோடு தேவையற்ற ஆற்றலை விலக்கும் ஃபில்டர்கள் தனியாக இருக்கும். முதலாவதை ஐபீஸில் திருகிச் சூரியனைப் பார்ப்பது 'சன்' வில்லையைப் போட்டுப் பார்ப்பதற்குச் சமம். இரண்டாவது வகைக் கருவியிலும் எந்தப் பாகத்தையும் கழற்றியோ வரிசை மாற்றியோ பார்க்காதீர்கள்.

கேமராவும் கிரகணமும்

கேமராவுக்கும் முன்வாய் ஃபில்டர்தான். திரையில் பார்த்தால் கண்ணுக்கு ஆபத்தில்லை, ஆனால் ஃபில்டர் இல்லாமல் சென்சார் பொசுங்கும். எஸ்எல்ஆர் கேமராவின் கண்துளை வழியே பார்ப்பது தொலைநோக்கியில் பார்ப்பதற்குச் சமம் என்பதால், 3.8 ஃபிலிம் போட்டிருக்கும்போது அதில் கண் வைக்காதீர்கள்.

முழு கிரகணத்தில் சூரியத் தட்டு முற்றிலும் மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் ஃபில்டரைக் கழற்றலாம். பகுதி கிரகணத்திலும் வளைய கிரகணத்திலும் ஒருபோதும் கூடாது. ஒரு நூலளவு சூரியன் மிஞ்சியிருந்தாலும் அந்த நூலின் ஒவ்வொரு புள்ளியும் முழுச் சூரியனின் செறிவோடுதான் எரிகிறது. உங்கள் இடத்துக்கான முழுமறைவு நேரத்தை முன்பே குறித்து, அது முடிவதற்கு அரை நிமிடம் முன்னதாக ஒலிக்கும்படி டைமர் வையுங்கள். ஒலித்ததும் கண்ணை எடுத்து ஃபில்டரை மாட்டிவிட வேண்டும். இன்னும் ஒரு நொடி பார்க்கத் தோன்றும், பார்க்காதீர்கள். 2017 கிரகணத்துக்குப் பிறகு நியூயார்க்கில் மருத்துவர்களிடம் வந்த ஓர் இளம்பெண்ணின் விழித்திரையைப் படமெடுத்தபோது, அவர் பார்த்த சூரியப் பிறையின் வடிவத்திலேயே அங்கே தழும்பு இருந்தது. அவர் தொலைநோக்கியில் பார்க்கவில்லை. வெறுங்கண்ணில் சில நொடிகள், பிறகு கண்ணாடியோடு சற்று நேரம்.

பார்த்த பிறகு

குழாயைத் திருப்பி, முன்மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, பிறகே ஃபில்டரைக் கழற்றுங்கள். ஃபிலிமைத் துணியால் துடைக்காதீர்கள். காற்றுப் பந்தால் தூசியை ஊதினால் போதும். எதுவும் மேலே அழுத்தாத பெட்டியில் வையுங்கள். பூச்சு தேயும் பொருள் இது. தயாரிப்பாளர் சொல்லும் காலம் முடிந்தால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள்.

பாதுகாப்பற்ற ஃபில்டரில் யாராவது பார்த்துவிட்டது தெரிந்தால், வலி இல்லை என்று காத்திருக்காதீர்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் எழுத்துகளைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு கண்ணை மாற்றுங்கள். நடுவில் மங்கலான புள்ளி, நேர்கோடு வளைந்து தெரிவது, நிறம் வெளிறுவது, வெளிச்சம் கூசுவது எல்லாம் அறிகுறிகள். அன்று தெரியாமல் மறுநாள் தெரியவரலாம் என்பதால் மறுநாளும் சோதித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் விழித்திரை மருத்துவரிடம் போய், எந்தக் கருவியில், எந்த ஃபில்டரோடு, எவ்வளவு நேரம் பார்த்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் சேதம் தெரியும். இதைக் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. பலருக்குச் சில வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் பார்வை ஓரளவு தானாகத் திரும்புகிறது. சிலருக்கு அந்த நடுப்புள்ளி மறைவதே இல்லை.